பல கைகள் தீட்டும் ஒரு சித்திரம்

பலாபத்வலயிலிருந்து மாத்தளை நகரை நோக்கி வரும் பெருவீதியின் ஓரத்தில், பாறைகளுக்கிடையே, அலுவிகாரை அமைந்திருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் படையெடுப்பும் நாட்டை வருத்தியபோது, அதுவரை வாய்மொழியாகவே வழங்கிவந்த திரிபிடகத்தை 500 பிக்குகள் அங்கே கூடி ஓலையில் எழுதிவைத்தனர் என்பது பௌத்த மரபு. அத்தனை பேர் ஒருமித்து ஒரு காரியத்தை நிறைவேற்றியது வியப்புக்குரியதே. எனினும் அவர்களுக்கு ஒரு பெரும் அனுகூலம் இருந்தது. எழுதவேண்டிய நூல் அவர்களுடைய ஞாபகத்தில் ஏற்கெனவே இருந்தமையால், ஒருவர் வழுவினால் மற்றவர் திருத்த முடிந்தது. இன்னும் பிறவாத ஒரு கொடியையோ சித்திரத்தையோ கட்டடத்தையோ கூட்டாகச் சிருஷ்டிக்கப் புகுவோருக்கு அந்த அனுகூலம் கிடையாது. ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு ரூபம் எழுகிறது. எது வழு, எது திருத்தம் என்று ஒப்புநோக்குவதற்கு மூலப்பிரதி எங்குமில்லை.

இந்தச் சங்கடத்தை நம் இலங்கைத் தேசியக் கொடியின் சரித்திரத்தில் தெளிவாகக் காணலாம். சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டில், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் தலைமையில், ஜி. ஜி. பொன்னம்பலம், டி. பி. ஜாயா, செனற்றர் எஸ். நடேசன் முதலியோர் அடங்கிய குழுவொன்று கொடியின் அமைப்பை ஆராய நியமிக்கப்பட்டது. கண்டியரசின் சிங்கக்கொடியைப் பிரதானமாகக் கொண்டு, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அடையாளமாகச் செம்மஞ்சள், பச்சை ஆகிய இரு பட்டைகளை அதன் அருகே சேர்ப்பதென்று பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். நடேசன் இணங்காமல் தமது மாறுபட்ட அபிப்பிராயத்தைப் பதிவுசெய்தார். 1951 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அக்கொடி ஏற்றுக்கொள்ளப்பட்டது. நடேசன் இணங்க மறுத்தது நியாயமென்றே நான் கருதுகிறேன். நடுவில் தீராத பிரச்சினையை ஓரத்தில் ஒரு துண்டைச் சேர்த்துத் தீர்த்துக்கொள்வது பெருங்குழுக்களின் இயல்பு. எல்லோரையும் திருப்திப்படுத்தவேண்டும் என்னும் நல்லெண்ணத்திலிருந்தே அது பிறந்தாலும், சேர்க்கப்பட்ட பகுதி முழுமையோடு கலவாமல் ஒட்டாகவே நின்றுவிடுகிறது. அவ்வொட்டிலே தன்னைக் காணும்படி சொல்லப்பட்டவனுக்கு அது வெறும் அழகுக் குறையாகத் தோன்றுவதில்லை.

வேறொரு வழியும் உண்டு என்பதற்கு அலுவிகாரையிலேயே சான்று கிடைக்கிறது. இலங்கையின் முதல் சுதேசப் பொலிஸ் மா அதிபரான சேர் றிச்சர்ட் அலுவிகாரையின் மகள் ஈனா டி சில்வா, மெழுகும் சாயமும் கொண்டு துணியில் சித்திரம் தீட்டும் பத்திக் கலைக்கு 1960களில் கொழும்பிலே புத்துயிர் அளித்தவர். அவருடைய மகன் அனில் ஜயசூரியவும் ஓவியர் லக்கி சேனாநாயக்கவும் அம்முயற்சியில் உடனிருந்தனர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா நிர்மாணித்த பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்து விதானத்தை அலங்கரித்த பத்திக் துணிகள் ஈனாவின் கைவண்ணமே. 1982 இல் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் திறக்கப்பட்ட பாராளுமன்றத்திலும் அவருடைய கொடிகள் இடம்பெற்றன. 1980களில் தம் பூர்வீக ஊராகிய அலுவிகாரைக்குத் திரும்பி, சுற்றுக் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து அவர் வளர்த்த பத்திக், தையல் வேலைகள் 2015 இல் அவர் மறைந்த பின்னும் அவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

பத்திக் வேலையின் முறையை அறிந்தால், பலர் கூடிய சிருஷ்டி எவ்வாறு சாத்தியமாகிறது என்பது விளங்கும். முதலில் பருத்தித் துணியில் சித்திரம் கோடுகளாக வரையப்படுகிறது. வெண்மையாகவே நிற்கவேண்டிய இடங்களில் உருக்கிய மெழுகை இட்டு, துணியை மிக இளஞ்சாயத்தில் தோய்க்கிறார்கள். அந்நிறம் நிலைக்கவேண்டிய இடங்களை மறுபடி மெழுகால் மூடி, அடுத்த அடர்சாயத்தில் அமிழ்த்துகிறார்கள். மெழுகு உருகிவிடாதிருக்கச் சாயம் சூடின்றி இருக்கவேண்டும். இப்படி நிறம் நிறமாகச் சென்று, கடைசியில் வெந்நீரில் துணியைக் கொதிக்கவைத்து மெழுகை அகற்றும்போதுதான் சித்திரம் முழுவதும் கண்ணுக்குப் புலனாகும். வெள்ளைத் துணியில் தவறி விழுந்த ஒரு சொட்டு மெழுகு இறுதிவரை வெண்புள்ளியாகவே நிற்கும். அதை மறைக்க வழியில்லை. ஆகவே விவாதங்கள் யாவும் துணியில் மெழுகு படுமுன் முடிந்துவிடவேண்டும் என்று தொழிலே கட்டளையிடுகிறது. மெழுகிடுபவள் கோட்டின் கனத்தைத் தன் கையாலேயே தீர்மானிக்கிறாள். சாயமிடுபவள் நிறத்தின் ஆழத்தைத் தன் கண்ணால் அளக்கிறாள். அவரவர்க்குரிய தீர்ப்பு அவரவரிடமே நிற்கிறது. முழுமையின் லட்சணத்திற்கோ சித்திரம் வரைந்தவர் பொறுப்பாளியாகிறார். குழுக்கூட்டங்களில் எல்லோரும் எல்லாவற்றையும் பற்றித் தீர்ப்புச் சொல்வதும், கோடு முடிந்த பின்னர் நிறத்தையும், நிறம் முடிந்த பின்னர் கோட்டையும் மீண்டும் விவாதத்திற்கு எடுப்பதுமே காலவிரயத்திற்கும் மனஸ்தாபத்திற்கும் பெரும்பாலும் காரணமாகின்றன.

ஒரு குறை மட்டும் இந்த ஏற்பாட்டினாலும் தானாகத் தீர்வதில்லை. பெந்தோட்டை விதானத்தைப் பற்றிப் பேசுவோர் பாவாவின் பெயரையும் ஈனாவின் பெயரையும் சொல்கின்றனர். அத்தகைய துணிகளில் மெழுகும் சாயமும் இட்ட பெண்களின் பெயர்களைச் சொல்வோர் அரியர். கோட்டின் கனத்திலும் நிறத்தின் ஆழத்திலும் தம் தீர்ப்பைச் செலுத்தியவர்களை வெறும் வேலையாட்கள் என்று ஒதுக்குவது அநீதி. இனிமேல் எந்தப் பட்டறையிலிருந்து எந்தத் துணி வெளியேறினாலும், அதன் ஓரத்தில் வரைந்தவர், மெழுகிட்டவர், சாயமிட்டவர் ஆகிய எல்லோருடைய பெயர்களும் எழுதப்படவேண்டும். வாங்குபவர்களும் அதைக் கேட்டு வாங்கவேண்டும்.