போர்முனைக்கு மருந்து அனுப்பப் போகிறீர்களா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மூட்டுவலிக்கு என்னிடம் தைலம் வாங்கிப் போகும் அம்மா ஒருவர், பெரிய கட்டைப்பையோடு வந்து உட்கார்ந்தார். பை நிறைய மாத்திரை அட்டைகள்! பாதி காலியான டானிக் பாட்டில்கள், மாமனார் காலமான பிறகு மிச்சமாகிப்போன சர்க்கரை வியாதி மாத்திரைகள், கண் சொட்டு மருந்து... எல்லாம் கலந்து கிடந்தன.

"டி.வி.யில அகதி முகாமைக் காட்டினாங்க டாக்டர். பச்சைப் பிள்ளைங்க மருந்தில்லாம கிடக்குதுங்க. பார்த்துட்டு எனக்கு ராத்திரி சாப்பாடே இறங்கலை. அபார்ட்மெண்ட்ல எல்லார் வீட்டிலயும் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். எங்கே அனுப்பணும்னு நீங்கதான் சொல்லணும்."

தங்கமான மனசு. ஆனால் அந்தப் பையில் இருந்த ஒன்றுகூட எந்த முகாமுக்கும் போகக் கூடாது. ஏன் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே இரண்டு பேஷண்டுகள் கோபித்துக்கொண்டு போயே விட்டார்கள்! அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு அறை, இரண்டு பேர்

1971-ஆம் வருஷம். கிழக்குப் பாகிஸ்தானில் மார்ச் மாதம் ராணுவம் தொடங்கிய படுகொலைக்குப் பயந்து, சுமார் ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தில் எல்லையை ஒட்டியிருக்கும் போங்காவ் என்ற ஊரில் மட்டும் சுமார் மூன்றரை லட்சம் பேர். மழைக்காலம் வேறு. காலரா வந்துவிட்டது.

கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையத்தில் இருந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், ஒரு சிறு குழுவோடு அங்கே போனார். ஆஸ்பத்திரியில் காலராவுக்கென்று இருந்தது இரண்டே அறைகள். கட்டில் போதாமல் தரையெல்லாம் நோயாளிகள். வாந்திக்கும் பேதிக்கும் நடுவில் முழங்கால் போட்டு உட்கார்ந்துதான் ஊசி குத்தி சலைன் ஏற்ற வேண்டும். சலைன் ஏற்றத் தெரிந்தவர்கள் அவர் குழுவிலேயே இரண்டு பேர்தான். சலைன் பாட்டிலும் தீர்ந்துகொண்டே வருகிறது. இப்படியே போனால் தோற்றுவிடுவோம் என்று இரண்டே நாளில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

காலராவில் ஆளைக் கொல்வது கிருமி நேரடியாக அல்ல. நீர் வற்றிப்போவதுதான். காலரா நஞ்சு குடலிலிருந்து தண்ணீரையும் உப்பையும் குடம் குடமாகக் கொட்ட வைக்கிறது. வெறும் தண்ணீர் குடித்தால் அப்படியே போய்விடும். ஆனால் ஒரு வாசலை மட்டும் அந்த நஞ்சால் அடைக்க முடிவதில்லை. சர்க்கரையும் உப்பும் ஜோடியாகச் சேர்ந்து வந்தால் குடல் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னாலேயே தண்ணீரும் போகும். 1960-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்த ஆராய்ச்சிகளில் இது தெரிந்திருந்தது. ஆனால் பெரிய டாக்டர்கள் பலர் நம்பவில்லை. ஊசி இல்லாமல் வைத்தியமா, அதுவும் படிக்காத ஜனங்கள் கையில் கொடுப்பதா என்று தயங்கினார்கள்.

மஹலனாபிஸ் துணிந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. கல்கத்தாவில் எடை போட்டு, பாலிதீன் பையில் அடைத்து, இஸ்திரிப் பெட்டியால் சூடு வைத்து ஒட்டி போங்காவுக்குக் கொண்டுவந்தார்கள். குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார்கள். ஊட்டியது யார்? நோயாளியின் அம்மா, அக்கா, புருஷன்! குவளையில் பிடித்துக்கொண்டு போய் வாய் வாயாகக் கொடுத்தார்கள். நாடியே தெரியாத அளவுக்குத் தளர்ந்தவர்களுக்கு மட்டும் சலைன்.

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சுமார் 3,700 பேருக்கு அங்கே வைத்தியம் நடந்தது. அதற்கு முன் நூற்றுக்கு இருபது, முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நாலு பேருக்கும் கீழே இறங்கியது. இன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை உலகம் நம்ப ஆரம்பித்தது அந்தச் சேற்றுத் தரையில்தான். 2022 அக்டோபரில் அவர் காலமானார். பத்மவிபூஷண் அதற்கப்புறம்தான், 2023-ல்.

நான் சித்த வைத்தியன். என் பாட்டி, "பேதியாகுதுன்னா தண்ணி காட்டாதே, வயிறு காயட்டும்" என்பார். லங்கணம் பரம ஔஷதம் என்று நாமும் சொல்கிறோம். மந்தத்துக்கு அது சரி. வாந்திபேதிக்கு அதைச் சொன்னால் கொலை! அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்த கிழவிகள்தான் சரியாகச் செய்தவர்கள். பாக்கெட் கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு போதும். உப்பு கூடிவிடக் கூடாது, ஜாக்கிரதை. குழந்தைக்குக் கண் குழி விழுந்து, குடிக்கவும் தெம்பில்லை என்றால், என்னைப் போன்றவர்களிடம் தூக்கிக்கொண்டு வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தெரிந்த வைத்தியம், தெரியாத கை

சரி, வழி தெரிந்துவிட்டது. அப்புறம் முகாமில் யாரும் காலராவில் சாகவில்லையா?

1994-ல் ருவாண்டாவில் ஏப்ரல் தொடங்கி நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேரைக் கொன்று குவித்தார்கள். ஜூலையில் ஆட்சி மாறியதும் கொன்ற கூட்டமும், அவர்களுக்குப் பயந்த ஜனங்களும், ஒன்றுமறியாதவர்களும் கலந்து பல லட்சம் பேர் எல்லை தாண்டி கோமா என்ற ஊருக்குள் நுழைந்தார்கள். அப்போது ஜயர் என்று பெயர் இருந்த காங்கோ நாட்டில் உள்ளது கோமா. எரிமலைக் குழம்பு இறுகிய பாறை பூமி. கக்கூஸுக்குக் குழி தோண்ட முடியாது, பிணம் புதைக்கவும் முடியாது. குடிக்க கிவு ஏரித் தண்ணீர். ஒரே மாதத்தில் சுமார் ஐம்பதாயிரம் பேர் செத்தார்கள். காலராவும் சீதபேதியும்.

உதவிக்கு ஆள் வராமல் இல்லை. உலகத்தின் கேமரா எல்லாம் அங்கேதான் இருந்தது. டாக்காவின் வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மையத்திலிருந்து ஒரு குழு போய்ப் பார்த்தது. 1971-ல் அகதிகளாக ஓடிவந்த அதே வங்காளிகளின் தேசத்திலிருந்து! அவர்கள் கண்டது என்ன? நீர்ச்சத்தை மெதுவாக ஏற்றுகிறார்கள், பொருத்தமில்லாத சலைனை ஏற்றுகிறார்கள், வாய்வழிக் கரைசலைப் போதுமான அளவு கொடுக்கவில்லை. வந்த மருத்துவப் பணியாளர்களில் பலருக்கு காலராவைக் கையாண்ட அனுபவம் இல்லை. 23 வருஷத்துக்கு முன் கண்டுபிடித்த வித்தை, தேவைப்பட்ட இடத்தில் கையில் இல்லை. நல்ல எண்ணத்தோடு விமானம் ஏறி வந்தவர்கள்தான். ஆனால் வாந்திபேதிக்காரனுக்கு எண்ணம் எதற்கு? வேகம்தான் வேண்டும்.

அடுத்த சிக்கல் இன்னும் கசப்பு. காலரா அடங்கிய பிறகு முகாமில் அரிசியும் பருப்பும் யார் கையில் போயிற்று தெரியுமா? கொலைக்குத் தலைமை தாங்கியவர்கள் கையில். அவர்கள்தான் ஆட்கணக்கைக் கூட்டிச் சொல்லி வாங்கினார்கள், பங்கிட்டார்கள். அதில் பலம் சேர்த்து மறுபடி சண்டைக்குத் தயாரானார்கள். எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுக் கிளை, இதைப் பொறுக்க முடியாமல் 1994 இறுதியில் முகாம்களைவிட்டு வெளியேறியது. வேறு பல அமைப்புகள் இருந்தன. குழந்தையைப் பட்டினி போடுவதா, கொலைகாரனுக்குச் சோறு போடுவதா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். போனவர்களையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை, இருந்தவர்களையும் முடியவில்லை. வைத்தியன் மனசு இருந்தவர்கள் பக்கம் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான்.

பதினேழாயிரம் டன்!

இப்போது அந்த அம்மாவின் கட்டைப்பைக்கு வருகிறேன்.

1992 முதல் 1995 வரை போஸ்னியாவில் போர். ஐரோப்பாவின் நல்ல மனிதர்கள் எல்லாரும் மருந்து அனுப்பினார்கள். 1996 மத்தியில் கணக்குப் பார்த்தபோது உபயோகமே இல்லாத மருந்து சுமார் 17,000 டன் குவிந்து கிடந்தது! காலாவதியானவை, பெயர் படிக்க முடியாதவை, யாரோ பாதி சாப்பிட்டு மிச்சம் வைத்தவை. கம்பெனிகளும் பழைய சரக்கைத் தள்ளிவிட்டன. அதை முறையாக அழிக்க மட்டும் 3 கோடியே 40 லட்சம் டாலர் ஆகும் என்று கணக்கிட்டார்கள். குண்டு விழுகிற ஊரில் இருக்கிற நாலு பேரும் கிடங்கில் உட்கார்ந்து அட்டை பிரித்துக்கொண்டிருந்தால் நோயாளியை யார் பார்ப்பது?

அந்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் மருந்து தானத்துக்கு விதிமுறை வெளியிட்டது. கேட்டதை மட்டும் அனுப்பு. போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருஷமாவது ஆயுள் இருக்கட்டும். நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தை அனுப்பாதே. அந்த ஊர்க்காரருக்குப் புரியும் பாஷையில் பெயர் இருக்கட்டும். அந்தக் கட்டைப்பை இதில் எதிலும் தேறாது.

மற்றவர்களைச் சொல்வானேன்! 2005 ஜனவரியில், சுனாமி வந்த சில நாட்களில், நாகப்பட்டினம் பக்கம் ஒரு முகாமுக்கு நானும் போனேன். போர் இல்லைதான், ஆனாலும் கதை அதேதான். ரோட்டோரமெல்லாம் யாரும் தொடாத பழைய துணிக் குவியல். நான் இரண்டு பெட்டி நிறைய கஷாயச் சூரணம் கொண்டுபோயிருந்தேன். பெருமையாக ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒரு மீனவப் பெண் வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ஐயா, இதை எதுல வெச்சுக் காய்ச்சறது?"

அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை. வீடே இல்லை! மிச்சப் பொட்டலங்களைப் பெட்டியில் திரும்பப் போட்டேன். அப்புறம்தான் அங்கே இருந்த நர்ஸிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். கக்கூஸ் தூரத்தில் இருட்டில் இருக்கிறது, அதற்குப் பயந்து பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை, நீர்க்கடுப்பு வருகிறது, இரண்டு விளக்கு கிடைக்குமா என்றார். இருபது வருஷம் வைத்தியம் படித்திருந்தாலும் அது எனக்குத் தோன்றியிருக்காது.

"அப்போ என்னதான் பண்றது டாக்டர்? பார்த்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?" என்று அந்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

இல்லை. பணமாகக் கொடுங்கள் என்றேன். ஏற்கெனவே அந்த இடத்தில் வேலை செய்துகொண்டிருக்கும், வரவு செலவை வெளியே காட்டும் அமைப்பாகப் பாருங்கள். பணம் இருந்தால் பக்கத்து ஊரிலேயே, அவர்கள் பாஷையில் எழுதிய மருந்தாக வாங்கிக்கொள்வார்கள். விளக்கு வேண்டுமென்றால் விளக்கு வாங்குவார்கள்.

அடுத்த வாரம் தைலத்துக்கு வந்தபோது ரசீதைக் காட்டினார். அபார்ட்மெண்ட்டில் வசூல் பண்ணி அனுப்பியிருக்கிறார். பையை என் மேஜைக்கடியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். என் உதவியாளர் பிரித்துப் பார்த்ததில், பாதிக்கு மேல் தேதி முடிந்தவை. அடியில் ஒரே ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருந்தது. அதுவும் 2021-லேயே முடிந்துபோனது.