நிலைவாழ்வும் அன்றாட வாழ்வும்: புதுச்சேரிக் கிறித்தவ மரபை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ சமயத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று நிலைவாழ்வு. இறப்புக்குப் பின்னர்க் கிடைக்கவிருக்கும் பேறாக மட்டுமே இது பெரும்பாலும் கருதப்படுகிறது. நிலைவாழ்வு பற்றிய எதிர்நோக்கு, இம்மையின் உழைப்பையும் உறவையும் சமத்துவத்தையும் நெறிப்படுத்த வேண்டியது என்பதையும், அவ்வாறு நெறிப்படுத்தாதபோது அது தன் பொருளை இழக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிலைவாழ்வு, எதிர்நோக்கு, நிலையாமை, கல்லறைத் திருநாள், புதுச்சேரி.

முன்னுரை

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாளைக் கடைப்பிடிக்கின்றனர். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ தொடங்கிவைத்த வழக்கம் இது. புதுச்சேரியிலும் கிறித்தவக் குடும்பங்கள் கல்லறைகளைத் தூய்மை செய்து, மலர் சாத்தி, மெழுகுவத்தி ஏற்றி வேண்டுகின்றன. மறுநாள் அவரவர் தம் பணிக்குத் திரும்புகின்றனர். தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் பணிபுரியும் ஒரு கிறித்தவருக்கு, முதல்நாள் கல்லறையில் செய்த வேண்டுதலுக்கும் மறுநாள் பணியிடத்தில் செய்யும் வேலைக்கும் தொடர்பு உண்டா? இவ்வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை.

சொல்லும் பொருளும்

பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் ‘நித்திய ஜீவன்’ என வழங்கிய தொடரை, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘நிலைவாழ்வு’ என ஆள்கிறது. முன்னது முடிவற்ற காலத்தைச் சுட்டுகிறது. பின்னது நிலைத்த தன்மையுடைய ஒரு வாழ்வைச் சுட்டுகிறது. யோவான் நற்செய்தி (17:3) நிலைவாழ்வைக் கால அளவால் விளக்காமல், கடவுளை அறிதலால் விளக்குகிறது. அதே நற்செய்தி (5:24) நம்புவோர் அவ்வாழ்வை இப்போதே பெற்றிருப்பதாகவும் கூறுகிறது. எனவே நிலைவாழ்வு இறப்பிற்குப் பின் தொடங்குவதன்று. இம்மையில் தொடங்கி இறப்பைக் கடந்து செல்வது.

‘நிலைவாழ்வு’ என்னும் சொல் தமிழ் மனத்தில் இன்னொரு சொல்லையும் எழுப்புகிறது. திருக்குறளின் 34ஆம் அதிகாரம் ‘நிலையாமை’. செல்வம் நில்லாதது, ஆதலால் அது கிடைத்தவுடனே நிலைத்த அறங்களைச் செய்க என்றும் (333), நா அடங்கி விக்கல் எழுமுன் நல்வினையை விரைந்து செய்க என்றும் (335) வள்ளுவர் வலியுறுத்துகிறார். நிலையாமையை உணர்தல் செயலற்றிருத்தலுக்கு வழியன்று. அது செயலுக்குத் தூண்டுகோல். கிறித்தவமோ நிலையாமையோடு நில்லாமல் உயிர்ப்பையும் எதிர்நோக்குகிறது. தொடங்கும் இடம் வேறாயினும், இன்றே நன்மை செய்க என்னும் முடிவில் இரண்டும் இணைகின்றன.

எதிர்நோக்கும் உழைப்பும்

தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரம் உயிர்ப்பைப் பற்றிய நீண்ட வாதம். அவ்வாதம் விண்ணுலக வருணனையில் முடியவில்லை. ஆண்டவருக்காக உழைக்கும் உழைப்பு வீண்போகாது என்னும் உறுதியில் முடிகிறது (15:58). தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகமும், இறந்தோரை எண்ணி எதிர்நோக்கற்றவரைப் போல வருந்த வேண்டா என்பதற்குச் சற்று முன்பே, தம் கையால் உழைத்து வாழுமாறு பணிக்கிறது (4:11-13). மத்தேயு நற்செய்தியின் இறுதித் தீர்ப்புக் காட்சியில் (25:31-46) கேட்கப்படுபவை பசித்தோருக்கு உணவளித்தமை, நோயுற்றோரையும் சிறையிலிருப்போரையும் கண்டுவந்தமை போன்ற அன்றாடச் செயல்களே.

தமிழ்க் கிறித்தவ இலக்கியமும் இத்தொடர்பை அறிந்திருக்கிறது. வீரமாமுனிவர் 1726இல் நிறைவுசெய்த தேம்பாவணியின் தலைவர், தச்சுத் தொழிலாளியான சூசையப்பர். கத்தோலிக்க மரபில் அவர் நல்மரணத்தின் பாதுகாவலர். தொழிலாளர்களின் பாதுகாவலராகவும் போற்றப்படுபவர். 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மே 1ஆம் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். தொழிற்கூடமும் மரணப்படுக்கையும் ஒரே புனிதரின் காவலில் வைக்கப்பட்டிருப்பது, உழைப்பையும் மறுமையையும் இம்மரபு பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

புதுச்சேரி தரும் இரு சான்றுகள்

மறுமை பற்றிய எதிர்நோக்கு இம்மை அநீதியைப் பொறுத்துக்கொள்ளச் செய்யும் அபினி என்பது 19ஆம் நூற்றாண்டில் கார்ல் மார்க்சு முன்வைத்த திறனாய்வு. இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. புதுச்சேரித் தேவாலயத்துக்குள் ஒடுக்கப்பட்ட கிறித்தவரையும் பிற சாதிக் கிறித்தவரையும் பிரித்து ஒரு சுவர் இருந்ததையும், ஒடுக்கப்பட்டோர் முறையிட்டதன்பேரில் 1745இல் அது இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவுசெய்கிறது. ஒரே விண்ணகத்தை நம்பியவர்கள் ஒரே கூரையின்கீழ்ச் சுவர் எழுப்பியிருந்தனர். அதே எதிர்நோக்கைக் கொண்ட மற்றொரு சாரார் அச்சுவரை ஏற்க மறுத்தனர்.

இரண்டாம் சான்று கல்வி சார்ந்தது. 1844இல் ஆயர் போனான் தலைமையில் புதுச்சேரியில் கூடிய மறைமாநில மன்றம் கல்வியின் தேவையை வலியுறுத்தியது. அதே ஆண்டில் பிரெஞ்சு மறைப்பணியாளர் துப்புயி, தமிழ்ப் பெண் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டும் நோக்குடன் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு துறவற சபையை நிறுவினார். ஆன்ம மீட்பே நோக்கமெனக் கொண்ட ஓர் இயக்கம், எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த சிறுமியருக்குப் பள்ளி திறந்தது. மறுமை நாட்டம் இம்மைப் பணியாக மாறியதற்கு இது சான்று.

முதற்சான்று சுட்டும் சிக்கல் கடந்தகாலத்தோடு முடிந்துவிடவில்லை. திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைச் சாதி அடிப்படையில் பிரித்த சுவரை எதிர்த்து 2010இல் போராட்டம் நிகழ்ந்தது. உயிர்ப்பை அறிக்கையிடும் இடமே கல்லறை. அங்கேயே பிரிவினை நிற்குமாயின், வாயால் அறிக்கையிடும் நிலைவாழ்வைச் செயல் மறுதலிக்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. நிலைவாழ்வு இம்மையிலேயே தொடங்கும் வாழ்வு. அதன் எதிர்நோக்கு, உழைப்புக்கு வீண்போகாமை என்னும் உறுதியைத் தருகிறது. அவ்வெதிர்நோக்கின் உண்மைத்தன்மையை அறிய உரைகல், உடன்வாழும் மனிதரை ஒருவர் நடத்தும் முறையே. ஆதலால் முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு ஆம் என்பதே விடை. நவம்பர் 2 அன்று கல்லறையில் ஏற்றிய மெழுகுவத்தி சில மணி நேரத்தில் அணைந்துவிடும். நவம்பர் 3 அன்று பணியிடத்தில் நேர்மையோடு செய்யும் வேலையிலும், உடன்பணியாளரைச் சமமாக மதிக்கும் மதிப்பிலும் அவ்வேண்டுதல் தொடர்கிறதா என்பதே ஒவ்வொரு கிறித்தவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.