கர்ப்பிணிக்கு ரத்தப் பரிசோதனை: குழந்தைக்குத் தொற்று உண்டா என்பது எப்போது தெரியும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறீர்களா? வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால், 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். முதல் பரிசோதனையிலேயே எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கும் ரத்தம் எடுப்பார்கள். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் கிடையாது. "எனக்கு எதுக்குங்க இந்த டெஸ்ட்டு?" என்று சிலர் கோபப்படுவார்கள். யார் மேலும் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதுதான்.

எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்தால் நம்பிக்கை மையத்தில் ஆலோசனை சொல்லி, கூட்டு மருந்து சிகிச்சைக்கு அனுப்புவார்கள். தாய்க்கு இருந்தால் குழந்தைக்கும் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சிகிச்சையே எடுக்காவிட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். தாய் மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும்.

வயிற்றில் இருக்கும்போதே பார்த்துச் சொல்ல முடியாதா? ரூபெல்லா, சி.எம்.வி. போன்ற வைரஸ்கள் சந்தேகப்பட்டால், சுமார் 21 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுத்து பி.சி.ஆர். சோதனை செய்வதுண்டு. எச்.ஐ.வி.க்கு அப்படிச் செய்வதில்லை. அந்த ஊசியே கிருமியைக் குழந்தையிடம் கொண்டுபோய்விடலாம்.

பிறந்த பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரியவர்களுக்குச் செய்யும் சோதனை கிருமியைத் தேடுவதில்லை, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், 18 மாதம் வரைகூட ரத்தத்தில் இருக்கும். அதனால் தொற்றே இல்லாத குழந்தைக்கும் 'பாசிட்டிவ்' காட்டும். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் உடைந்துபோகின்றன. சரியான வழி, 6-வது வாரத்தில் குழந்தையின் குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்து, தாளில் உலர்த்தி, கிருமியின் மரபணுவையே தேடுவது. அதில் 'இல்லை' என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். தாய்ப்பால் வழியாகவும் தொற்றலாம் என்பதால் 6, 12 மாதங்களில் மறுபடி பார்த்து, 18 மாதத்துக்குப் பிறகுதான் முடிவு சொல்வார்கள்.

ஹெபடைடிஸ் பி விஷயத்தில் சோதனையைவிட நேரம் முக்கியம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டாக வேண்டும். தாய்க்குத் தொற்று இருந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள்.

நம் பகுதியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரசவத்துக்குச் சிலர் ஆரம்பாக்கம் தாண்டித் தடா, சூலூர்பேட்டை என்று அம்மா வீட்டுக்குப் போவார்கள். பீகார், ஒடிசா குடும்பங்கள் ரயிலேறிவிடுவார்கள். தாய் சேய் நல அட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவும் கையோடு போகட்டும். கிளம்பும் முன் செவிலியரிடமோ நம்பிக்கை மையத்திலோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். போகிற ஊரில் எங்கே மாத்திரை வாங்குவது, குழந்தைக்கு எங்கே ரத்தம் எடுப்பது என்று வழிகாட்டுவார்கள்.

கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் முடிவை வெளியில் சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கவும் கூடாது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள்.