முருகன் வேஷத்திலேயே உயிர் பிரிந்தது! வெள்ளையனை விரட்டிய வள்ளி நாடகம்

மயிலாப்பூர் கபாலி கோவிலுக்குப் போகிறவர்கள், சிங்காரவேலர் சன்னதியில் வள்ளி - தெய்வானையோடு நிற்கும் முருகனைக் கும்பிடாமல் திரும்ப மாட்டார்கள். அந்த வள்ளியின் காதல் கதைதான் வெள்ளைக்காரன் காலத்தில் போலீசாருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது!

காதல் நாடகத்துக்குள் சுதந்திரப் போராட்டத்தை ஒளித்து வைத்தவர் தியாகி விசுவநாத தாஸ். 1886-ம் ஆண்டு சிவகாசியில் பிறந்தவர். அவர் உயிர் பிரிந்தது சென்னையில், அதுவும் நாடக மேடையில்!

கொக்கு யார்?

‘வள்ளி திருமணம்’ கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று வள்ளி குருவி ஓட்டுகிறாள். முருகன் வேடனாக வருகிறார், கிழவனாக வருகிறார். வள்ளி மசியவில்லை. வாய்ச்சண்டைதான் நடக்கிறது. அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து பயமுறுத்திய பிறகுதான் வழிக்கு வருகிறாள்.

இந்தக் குருவி ஓட்டும் கட்டத்தில்தான் தாஸ் கை வைத்தார். பறவைக் கூட்டத்தில் வெள்ளைக் கொக்கையும் சேர்த்தார். அதை விரட்டுவதற்கு ஒரு பாட்டு. கொக்கும் வெள்ளை, ஆள வந்தவனும் வெள்ளை. தினைப்புனம் நம்ம நாடு. புரியாதவன் யார்? கொட்டகையே அதிரும்.

நாடகங்களைத் தடை செய்ய 1876-ம் ஆண்டிலேயே சட்டம் போட்டு வைத்திருந்தான் வெள்ளைக்காரன். ஆனால் இதுவோ சாமி கதை. கொக்கை வெரட்டுனா குத்தமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? இருந்தாலும் போலீசார் விடவில்லை. தாஸ் 29 முறை கைதானார் என்கிறது வரலாறு.

ஜோடி சேர மறுப்பு

வேடர் வீட்டில் வளர்ந்த பெண்ணை, சாதி பார்க்காமல் சாமி கட்டிக்கொள்கிற கதை இது. அதைத்தான் ஜனங்கள் கை தட்டி ரசித்தார்கள். ஆனால் முருகனாக வந்த தாஸ் நாவிதர் குலத்தில் பிறந்தவர். அவரோடு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று நடிகைகள் சிலர் ஒதுங்கினார்கள்!

துணிந்து ஜோடி சேர்ந்தவர் கே.பி.ஜானகி அம்மாள். அவரும் சிறை சென்ற தியாகிதான். 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதி எம்.எல்.ஏ. ஆனார்.

கடைசி நாடகம்

1940-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி. சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’. மயில் மீது அமர்ந்து முருகனாகப் பாடிக்கொண்டிருந்த தாஸ் அப்படியே சாய்ந்தார். வயது 54. சுதந்திரம் வர இன்னும் ஆறரை ஆண்டுகள் இருந்தன. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவர் வாழ்ந்த திருமங்கலத்தில் அவர் பெயரில் அரசு நினைவு இல்லம் இருக்கிறது.

சட்டம் போனது

வெள்ளைக்காரன் போன பிறகும் நாடகத்துக்குக் கெடுபிடி போகவில்லை. 1954-ல் சென்னை ராஜ்ய சர்க்கார் புதிதாக ஒரு நாடகச் சட்டம் கொண்டு வந்தது. மேடை ஏறுவதற்கு முன்னால் கதையை போலீசாரிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டிய நிலை. மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் நாடகம் போட்டவர்களும் இதற்குத் தப்பவில்லை.

‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி வழக்குத் தொடர்ந்தார். அந்தச் சட்டம் செல்லாது என்று 2013-ல் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது.

தாஸ் மேடையில் சாய்ந்து 72 ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு. இனி மேடையில் கொக்கை விரட்ட போலீஸ் அனுமதி தேவை இல்லை!