குளிரில் வாடிய காப்பிக் கன்றுக்கு இலைவழி ஊட்டம்

காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காப்பி இல்லாவிட்டால் நம் வீடுகளில் பொழுதே விடியாது. அந்தக் காப்பி விளையும் சிக்கமகளூர், குடகு மலைகளுக்குத் தோட்ட வேலைக்காக வந்து தங்கிவிட்ட தமிழர்கள் பலர். அவர்களில் எனக்குத் தெரிந்த சிலர் இன்று சொந்தமாக ஓரிரு ஏக்கர் வைத்திருக்கிறார்கள். தை மாதக் குளிரில் அவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "உரம் போட்டாச்சு, தண்ணியும் விட்டாச்சு, கன்னு ஏன் இன்னும் வெளுத்துக் கிடக்கு?"

கோளாறு உரத்தில் இல்லை, வேரில் இருக்கிறது. அராபிகா காப்பிக்கு 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் இதமானது. இரவுக் குளிர் 10 டிகிரியை நெருங்கினால் வளர்ச்சி முடங்கும். மண் குளிர்ந்தால் வேரின் சுவாசம் மந்தமாகி, சத்தை உறிஞ்சும் வலு குறைகிறது. இலையில் சோறு பரிமாறியாச்சு, எடுத்துச் சாப்பிடத்தான் தெம்பில்லை என்ற நிலை! இந்நேரத்தில் மேலும் உரம் கொட்டினால் இளவேர் கருகிப்போகும்.

ஆகவேதான் இலைவழி ஊட்டம். காப்பி இலையின் மேற்புறம் மெழுகுப் பூச்சு கொண்டது. சுவாசத் துளைகள் அடிப்புறத்தில் மட்டுமே உண்டு. எனவே இலையின் அடிப்பக்கம் நனையும்படி பனிப்புகைபோல் தெளிக்க வேண்டும். 200 லிட்டர் பேரலுக்கு 1 கிலோ யூரியா, அதாவது 0.5 விழுக்காடு போதும்; கூடினால் இலை நுனி தீய்ந்துவிடும். பையூரெட் குறைந்த யூரியாவாகப் பார்த்து வாங்குங்கள். புதுத்தளிர் சிறுத்துக் குறுகி வந்தால் துத்தநாகக் குறை இருக்கலாம். துத்தநாக சல்பேட் தெளிப்பதானால் அதன் அமிலத்தன்மையை நீற்றிய சுண்ணாம்பால் தணிக்க வேண்டும். எதையும் முதலில் நாலைந்து கன்றுகளில் தெளித்துப் பார்ப்பது நல்லது.

குளிர் கொட்டும் நாளில் தெளிக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பு வந்தபின், காலையில் பனி உலர்ந்ததும், வெயில் ஏறுமுன் தெளியுங்கள். தளிர் விட்டால் பதினைந்து நாள் கழித்து இன்னொருமுறை தெளிக்கலாம். தழைச்சத்து மிஞ்சினால் தளிர் பிஞ்சாக வளர்ந்து அடுத்த குளிரில் அடிபடும்.

இதற்கும் எல்லை உண்டு. கருகிய இலைக்கு எந்த ஊட்டமும் உயிர் தராது. பிரேசிலின் பரானா மாநிலத்தில் 1975 ஜூலை உறைபனி காப்பித் தோட்டங்களையே அழித்தது. விவசாயிகள் பலர் காப்பியை விட்டு சோயாவுக்கு மாறினார்கள். நம் மலைகளில் அத்தகைய உறைபனி அரிது. சில்வர் ஓக், முள்முருங்கை நிழல் இரவில் தோட்டத்தின் வெப்பம் சட்டென்று வெளியேறாமல் காக்கிறது. நிழல்தான் முதல் மருந்து, தெளிப்பு இரண்டாவதே.

வாடிய கன்றை அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா? உயிர் இருக்கிறது. புதுக்கன்று நட்டால் காய்ப்புக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். சிறு விவசாயிக்கு அது பிள்ளையின் படிப்புச் செலவு. சில வாரப் பொறுமையில் அதைக் காப்பாற்றிவிடலாம்.