வீட்டு அறைக்குள் ஓர் உடற்பயிற்சிக்கூடம்

வீட்டில் உடற்பயிற்சிக்கூடம் அமைக்க எண்ணுவோர் பெரும்பாலும் கருவிகளின் விலையை விசாரிப்பதில் தொடங்கி, வாங்கியது அறைக்குள் அடங்காது என்பதை அது வந்து இறங்கிய பிறகே அறிகின்றனர். போட்டிகளில் ஆடவர் பயன்படுத்தும் பார்பெல், அதாவது இரு முனைகளிலும் எடைத்தட்டுகளைக் கோத்துத் தூக்கும் நீண்ட கம்பி, 2.2 மீட்டர் நீளமும் 20 கிலோ எடையும் உடையது. பத்தடி அகலமுள்ள அறையின் நடுவில் அதை வைத்தால் இரு பக்கமும் 40 சென்டிமீட்டர் சொச்சமே எஞ்சுவதால், தட்டுகளைக் கோக்கும்போதும் கழற்றும்போதும் சுவரோடு மல்லுக்கட்ட நேரும். உயரத்திலும் இதே நெருக்கடி உண்டு. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் நின்றபடி தலைக்கு மேல் தூக்கும் கம்பி தரையிலிருந்து ஏறத்தாழ 2.1 மீட்டரை எட்டும். 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய தட்டு அதில் இருந்தால் அதன் மேல்விளிம்பு இன்னும் 22 சென்டிமீட்டர் மேலே செல்லும். மின்விசிறியின் இறக்கைகளோ பல வீடுகளில் 2.4 மீட்டர் அளவிலேயே சுழல்கின்றன. சுவரில் பொருத்தும் விசிறிக்கு மாறுவது, அல்லது குறுகிய கம்பியும் சிறிய தட்டுகளும் வாங்குவது இதற்குத் தீர்வாகும்.

அறை முடிவானபின் எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடைதரும் கருத்து ஒரு மருத்துவமனையில் உருப்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் முழங்கால் தசைகளை மீட்க முயன்ற அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம், இலேசான எடையைப் பலமுறை தூக்கவைக்கும் அன்றைய வழக்கத்தை விடுத்து, கனமான எடையைச் சில முறை மட்டும் தூக்கவைத்து, வலு கூடக்கூட எடையையும் படிப்படியாக உயர்த்தும் முறையை 1945இல் வெளியிட்டார். பழகிய சுமைக்குத் தசை மேலும் வளர வேண்டிய தேவை இல்லை என்பதால், சுமையைக் கூட்டிக்கொண்டே செல்வதுதான் வலுப்பயிற்சியின் அடிப்படையாக இன்றும் கருதப்படுகிறது. ஆகவே ஒரு கருவி எவ்வளவு கனமானது என்பதைவிட, அதன் எடையை எவ்வளவு சிறிய படிகளில் உயர்த்த முடியும் என்பதே முதன்மையான கேள்வி. கைக்கு 5 கிலோவாக இருக்கும் டம்பெல்லை விடுத்து அடுத்த 7.5 கிலோவுக்குத் தாவுவது ஒரே எட்டில் சுமையைப் பாதியளவு கூட்டுவதாகும். தோள்பட்டை அதைத் தாங்காமல் பலரது பயிற்சி அங்கேயே நின்றுபோகிறது. தட்டு மாற்றக்கூடிய டம்பெல் பிடியும் 1.25 கிலோ, அதனினும் சிறிய தட்டுகளும் கவர்ச்சியற்ற பொருள்கள்தாம். எனினும் பளபளக்கும் பல்பயன் இயந்திரங்களைவிட அவற்றுக்கே முதலிடம் தரத்தக்கது.

எடை மாறாத கருவியிலும் சுமையைக் கூட்ட வழியுண்டு என்பதைத் தமிழகத்தின் பழைய பயிற்சிக்கூடங்கள் அறிந்திருந்தன. கர்லாக்கட்டையின் பாரம் பிடியிலிருந்து விலகி நுனிப்பக்கம் இருப்பதால், அதைச் சுழற்றும் கை விரிய விரிய அதே கட்டை தோளுக்கு மேலும் கனக்கிறது. தண்டாலில் கால்களை உயர்த்தி வைப்பதும், பஸ்கியை ஒற்றைக்காலில் செய்வதும் செலவில்லாமல் சுமையைக் கூட்டுவனவே. பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்போடு, குறைந்தது 2 நாள் தசை வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என 2020இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. அதன் பிற்பகுதிக்கு இவையும் ஒரு சோடி டம்பெல்லும் ஒரு பெஞ்சும் போதுமானவை.

அடுக்குமாடி வீடுகளில் தளம் தாங்குமா என்ற ஐயம் இயல்பாக எழும். குடியிருப்புத் தளங்களுக்கு இந்தியக் கட்டுமான விதிகள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமையைக் கணக்கில் கொள்கின்றன; 150 கிலோ கருவிகளும் 75 கிலோ எடையுள்ள மனிதரும் நான்கடிக்கு நான்கடி இடத்தில் இருந்தாலும் சுமை அதற்குள்ளேயே அடங்கும். இடர் விளைவிப்பது எடையைக் கீழே போடுவதால் உண்டாகும் அதிர்ச்சி. அதில் ஓடு விரிசலிடும், கீழ்வீட்டார் கதவைத் தட்டுவர். கனத்த ரப்பர் விரிப்பு இவ்விரண்டையும் குறைக்குமே தவிர முற்றிலும் நீக்காது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து, பிடிமானத்துக்காகக் கம்பியில் வெட்டப்பட்ட சொரசொரப்பில் துருவை ஏற்றும். பயிற்சி முடிந்ததும் துடைப்பதும், அவ்வப்போது தூரிகையால் தேய்த்து மெல்லிய எண்ணெய் பூசுவதும் கம்பியின் ஆயுளை நீட்டிக்கும்.

தனியாகப் பயிற்சி செய்பவர், பெஞ்சில் படுத்தபடி பார்பெல்லை மார்புக்கு மேல் உயர்த்தும் பயிற்சியை, கம்பியைத் தாங்கும் பக்கத் தடுப்புகள் இல்லாமல் செய்யலாகாது; தூக்க முடியாத நிலையில் கம்பி கழுத்தின்மீது இறங்கிய விபத்துகள் உயிரிழப்பில் முடிந்துள்ளன. தடுப்புச் சட்டம் வாங்க இயலாதவர் டம்பெல்லுடன் நிறுத்திக்கொள்வது நல்லது. கதவுநிலையின் மேல்விளிம்பில் மாட்டித் தொங்கும் கம்பிகள், நிலைச்சட்டம் சுவரைவிட்டுத் துருத்தி நிற்கும் மேலைநாட்டு வீடுகளுக்காக வடிவமைக்கப்பட்டவை. பூச்சோடு சமமாகப் பதிந்த நிலைகளில் அவற்றுக்குப் பிடிப்புக் கிடைக்காது.

செலவைக் குறைக்க விரும்புவோர் வார்ப்பிரும்புத் தட்டுகளைப் பழையதாகவே வாங்கலாம், ஏனெனில் இரும்பின் எடை ஆண்டுகளால் தேய்வதில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் நிரப்பிய தட்டுகளோ உள்ளே நொறுங்கியிருக்கக்கூடும். பழைய கம்பியைச் சமதரையில் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். டிரெட்மில்லை மட்டும், மின்பொறியும் ஓடுபட்டையும் தேய்ந்திருக்கும் என்பதால், ஆள் ஏறி நின்று அரைமணி நேரமேனும் ஓட்டிப் பார்க்காமல் வாங்கலாகாது.