போகிறவருக்கு 60 லட்சம் டாலர்!

வேலைக்குச் சேரும்போது சம்பளம் பேசுவது நமக்குத் தெரிந்த வழக்கம். சேருகிற அன்றே, "என்னை வெளியே அனுப்பினால் எவ்வளவு தருவீர்கள்?" என்று பேசி, எழுதியும் வாங்கிக் கொள்கிறவர்கள் உண்டு. பெரிய கம்பெனிகளின் தலைமை நிர்வாகிகள்தான் அவர்கள். ஒரு முதலாளி தம் சொந்தப் பணத்தை அள்ளிக் கொடுத்தால் நாம் கேட்பதற்கில்லை. ஊராருக்கு மின்சாரம் வழங்கும் கம்பெனி கொடுத்தால்?

இந்தக் கேள்வி கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருமுறை பெரும் புயலைக் கிளப்பியது.

அங்கே மின்கோபுரங்களையும் கம்பிகளையும் வைத்திருப்பது ‘ஹைட்ரோ ஒன்’ என்ற கம்பெனி. பழைய ‘ஒன்டாரியோ ஹைட்ரோ’ 1999-ல் பிரிக்கப்பட்டபோது பிறந்தது. நீர்வீழ்ச்சியால் வளர்ந்த மின்சாரம் ஆகையால், அந்த மாகாணத்தில் மின் கட்டணச் சீட்டுக்கே ‘ஹைட்ரோ பில்’ என்றுதான் பெயர். டொரோண்டோ நகரில் வாழும் தமிழர் வீடுகளுக்கும் இந்தக் கம்பெனியின் கோபுரக் கம்பிகள் வழியாகவே மின்சாரம் வந்து சேருகிறது.

முதல் புயல்

2002-ல் ஹைட்ரோ ஒன் முழுவதும் அரசாங்கச் சொத்து. அதன் தலைமை நிர்வாகி எலினார் கிளிதரோ. ஆண்டு வருமானம் சுமார் 22 லட்சம் டாலர். அவர் விலக நேர்ந்தால் 60 லட்சம் டாலர் தரவேண்டும் என்று ஒப்பந்தம் இருப்பது வெளியே தெரிந்தது. மாகாணமே கொதித்தது.

முதலமைச்சர் எர்னி ஈவ்ஸ் ஒப்பந்தத்தைத் திருத்தச் சொன்னார். நிர்வாகக் குழுவினரோ ஜூன் மாதம் கூண்டோடு ராஜினாமா செய்தார்கள். சட்டசபை சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தத்தையே செல்லாததாக்கித் தனிச் சட்டம் போட்டது. ஜூலையில் அம்மையார் பதவி நீக்கம் செய்யப்பட்டார்.

ஓய்வூதியத்துக்காக அவர் நீதிமன்றம் ஏறினார். மாதம் ஏறக்குறைய 33,600 டாலர் வேண்டும் என்பது வழக்கு. ஏறக்குறைய 25,600 போதும் என்று 2010-ல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பாயிற்று. அம்மையார் பின்னர் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார் என்பது கொசுறுச் செய்தி.

சட்டம் வந்துவிட்டதே, இனித் தொல்லை இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடுத்து வந்த தலைவர் 2006 டிசம்பரில் விலகியபோது சுமார் 30 லட்சம் டாலருடன் போனார்! அறுபது முப்பதாயிற்றே என்று வேண்டுமானால் ஆறுதல் அடையலாம்.

‘ஆறு மில்லியன் டாலர் மனிதர்’

2015-ல் அரசாங்கம் பங்குகளை விற்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அதன் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. புதிய தலைவர் மேயோ ஷ்மிட்டின் 2017-ஆம் ஆண்டு வருமானம் சுமார் 62 லட்சம் டாலர். 1970-களில் பிரபலமாயிருந்த ஒரு தொலைக்காட்சித் தொடரின் பெயரை எடுத்து அவருக்குச் சூட்டினார் எதிர்க்கட்சித் தலைவர் டக் ஃபோர்டு. ‘ஆறு மில்லியன் டாலர் மனிதரை வீட்டுக்கு அனுப்புவேன்’ என்பதே 2018 தேர்தலில் அவருடைய முழக்கம். ஹைட்ரோ பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஜனங்களுக்கு அது இனித்தது. ஃபோர்டு ஜெயித்தார்.

ஆனால் நீக்கினால் ஒப்பந்தப்படி ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். என்ன செய்வது? ஜூலை மாதம் ஷ்மிட் ‘ஓய்வு’ பெற்றார். நீக்கம் அல்ல, ஓய்வு! விலகல் பணம் கிடையாது; ஓய்வுகாலச் சலுகைகளுக்குப் பதிலாக 4 லட்சம் டாலர் மட்டுமே என்று அறிவித்தார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. ஓய்வு என்ற சொல்லினால் அவர் பங்குகளையும் பங்கு உரிமைகளையும் கையோடு கொண்டு போகலாம் என்பது மெதுவாகத்தான் தெரிய வந்தது. அவற்றின் மதிப்பு சுமார் 90 லட்சம் என்று கணக்கிட்டன பத்திரிகைகள். நிர்வாகக் குழுவின் 14 பேரும் அப்போதே விலகச் சம்மதித்தார்கள்.

கதை இதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் ஸ்போக்கேன் நகரத்து ‘அவிஸ்டா’ என்ற மின் கம்பெனியை விலைக்கு வாங்க ஹைட்ரோ ஒன் 2017-லேயே பேசி முடித்திருந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஒழுங்குமுறை ஆணையம் இந்த அமளியையெல்லாம் பார்த்தது. அரசியல்வாதிகள் கைவைக்கும் கம்பெனிக்கு எங்கள் மக்களின் மின்சாரத்தை ஒப்படைக்க முடியாது என்ற கருத்தில், 2018 டிசம்பரில் அனுமதி மறுத்தது. பேரம் முறிந்தது. முறிவுக் கட்டணமாக ஹைட்ரோ ஒன் கட்டியது 10 கோடியே 30 லட்சம் அமெரிக்க டாலர். ஷ்மிட்டை ஒப்பந்தப்படியே பணம் கொடுத்து நீக்கியிருந்தாலும் இதில் பத்தில் ஒரு பங்குதான் ஆகியிருக்கும்! அந்தக் கம்பெனியில் அதிகப் பங்கு வைத்திருந்தது யார் என்று கேட்கிறீர்களா? ஒன்டாரியோ அரசாங்கம்தான்.

நிர்வாகிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஆட்சி மாறினால் தலை உருளும் நாற்காலியில், பாதுகாப்பு இல்லாமல் திறமைசாலி எவர் வந்து உட்காருவார்? சரி. ஆனால் கம்பத்தில் ஏறும் தொழிலாளிக்கும் வேலை போகும் பயம் உண்டே! அதே ஒன்டாரியோவின் சட்டம் சாதாரணத் தொழிலாளிக்கு வகுத்துள்ள குறைந்தபட்ச விலகல் பணம், வேலை பார்த்த ஆண்டு ஒன்றுக்கு ஒரு வாரச் சம்பளம். அதுவும் ஐந்து ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் 26 வாரத்துக்கு மேல் சட்டம் கேட்காது.

2019-ல் ஹைட்ரோ ஒன் தலைவரின் மொத்த ஊதியத்துக்கு 15 லட்சம் டாலர் என்று அரசாங்கம் உச்சவரம்பு விதித்தது. இம்முறை, புதியவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பாக.